முயல் பார்க்கையில் சாப்பிடுவது

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை, வாயில் வடை இருந்தது. அம்மா அப்போதுதான் சுட்டுக் கொடுத்தாள், நல்ல சூடு. மென்று முழுங்குவதற்குள் நீயே "சரிப்பா, யோசிச்சுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாய். "ஒரு மொயலுக்குச் சாப்பாட்டக் கொறைக்கிறது அவ்ளோ கஷ்டமாப்பா?" இதுதான் நீ கேட்டது. அதோடு விடாமல் இன்னொன்றும் சொன்னாய். "முடியலன்னா குடுத்துடுங்க. தெப்ராவ்ல என் கூட்டாளி ஒருத்தன் மொயல் வளக்கிறான். சனிக்கிழம வீட்டுக்கே வந்து எடுத்துக்குவான்." இந்த இரண்டுக்கும் பதில் வாட்சப்பில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். என் கட்டைவிரல் ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்தில் இருக்கிற மூன்றும் சேர்ந்து வருகிறது. அதனால் தாளில் எழுதுகிறேன். எழுதி முடித்துப் படம் பிடித்து அனுப்புவேன். மூன்றாம் படிவத்தோடு நின்றவன் எழுத்து, பார்த்துப் படித்துக்கொள்.

முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், அவ்வளவு கஷ்டம்தான். நீ நியூசிலாந்துக்குப் போகிறபோது காப்பாஸை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாய். அந்த நாட்டுக்குள் இங்கிருந்து முயலை விடமாட்டார்கள் என்றாய், சரி என்றோம். போகிற அன்றைக்கு அது உன் உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்குகிற அளவுதான், மலாயில் நீ வைத்த பெயருக்கு ஏற்ற மாதிரி வெறும் பஞ்சு. இப்போது அதை ஒரு கையால் தூக்க முடியாது. தெப்ராவ் ஃபேக்டரியில் இத்தனை வருஷம் லோரிக்குச் சரக்கு ஏற்றும் இடத்தில் நின்றவன் நான். கூடுதலாக ஒரு பெட்டி ஏற்றச் சொல்லி எத்தனை டிரைவர் வந்து நின்றிருப்பான், தே தாரிக் வாங்கிக் கொடுத்துக் கெஞ்சியிருப்பான். ஒருத்தனுக்கும் நான் இசைந்ததில்லை. அப்படிப்பட்டவனை இந்த முயல் ஒரு வார்த்தை பேசாமல் தோற்கடித்துவிட்டது. வெறுமனே உட்கார்ந்து பார்க்கிறது, அவ்வளவுதான்.

நான் வளர்ந்த வீட்டில், ரெங்கம் தோட்டத்தில், ஒரு பேச்சு உண்டு. ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொடுக்காமல் சாப்பிட்டால் வயிறு வலிக்கும். பார்த்தவருக்கு இல்லை, சாப்பிட்டவருக்கு. என் அப்பா தட்டில் எப்போதும் கடைசிக் கவளம் மிச்சம் இருக்கும். பிள்ளைகளில் அந்த நேரம் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ அவர்கள் வாய்க்கு அது போகும். அப்பா அதைச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. பாசம் என்றெல்லாம் யாரும் பேர் வைக்கவில்லை; வயிற்று வலி வராமல் இருக்க ஒரு வழி, அவ்வளவுதான். அதே பழக்கம் எனக்கும் வந்தது. உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை, நீ நடக்கப் பழகியதிலிருந்து என் தட்டின் கடைசிக் கவளம் உன்னுடையதுதான். அம்மா உனக்குத் தனியாக ஊட்டி முடித்திருப்பாள், வயிறு முட்ட இருக்கும். இருந்தாலும் வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். நான் உருட்டிக் கொடுப்பேன். அது பத்தாது என்று டியூஷன் விட்டு வரும்போது ஒரு ரொட்டி சானாய், சனிக்கிழமை பாசாருக்குப் போனால் ஒரு பை வாழைப்பழப் பொரியல். பள்ளிக்கூடத்தில் பையன்கள் உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். ஒரு நாள் சாப்பிடும்போது நான் உருட்டி நீட்டினேன். நீ "எனக்கு வேணாம்பா" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாய். அந்த வருஷம்தான் காலையில் ஓட ஆரம்பித்தாய். நல்ல காரியம்தான். ஆனால் அன்றைக்கு நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

அதனால் காப்பாஸ் முதல் தடவை சாப்பாட்டு மேசைக்குக் கீழே வந்து, பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால் இரண்டையும் என் கெண்டைக்காலில் வைத்து நின்றபோது, எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். முயல் சோறு சாப்பிடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அது சாப்பிட்டது. பருப்பு போட்ட சோறு சின்னதாக ஒரு உருண்டை. சாப்பிட்டுவிட்டு மீசையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் நின்றது. அம்மா பார்த்துவிட்டு, "ஏங்க, அதுக்குச் சோறு குடுக்கலாமா?" என்றாள். "கொஞ்சம்தாம்மா," என்றேன். காலையில் பசியாறும்போது தேத்தண்ணீரில் நனைத்த பிஸ்கட்டில் ஓரம் மட்டும். அதுவும் கொஞ்சம்தான். அது குண்டாக ஆக ஆக, எழுந்து நிற்க முடியாமல் போனது. நின்று கேட்பதை விட்டுவிட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க ஆரம்பித்தது. அது இன்னும் மோசம். நிற்கிறவனிடம் இல்லை என்று சொல்லலாம். உட்கார்ந்து பார்க்கிறவனிடம் எப்படிச் சொல்வது?

ஒரு வெள்ளிக்கிழமை அதன் பின்பக்கத்தில் ஈரமாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்று அம்மா கண்டாள். துடைத்தால் போகவில்லை, நாற்றம். பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிற பிராணி கிளினிக்குக்குக் காடியில் பின்சீட்டில் வைத்துக் கொண்டுபோனோம். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயசு, கண்ணாடி போட்டவர். மேசைமேல் வைத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அதன் விலாவில் வைத்தார். "எலும்பு தெரியுதா பக்சிக்?" என்று மாமா முறை வைத்து மலாயில் கேட்டார். தேடினேன். மெத்தையில் விழுந்த ஊசியைத் தேடுகிற மாதிரி இருந்தது. "தொட்டா எலும்பு தெரியணும். வீட்டுல இதுக்கு யாரு சாப்பாடு போடறது?" அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் "நான்" என்றோம். டாக்டர் சிரிக்கவில்லை. என்ன கொடுக்கிறோம் என்று கேட்டார். கடையில் விற்கிற முயல் தீவனம், ஒரு கிண்ணம் நிறைய, காலி ஆக ஆக, என்றாள் அம்மா. வேறு? நான் பிஸ்கட்டைச் சொன்னேன். "சிக்கிட் சாஜா," கொஞ்சம்தான் என்று மலாயிலேயே சேர்த்துக்கொண்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க பிஸ்கட் குடுத்தீங்களா?"

"ஓரம் மட்டும்தான். நீ எதுவும் குடுக்கறதில்லயா?"

அவள் டாக்டரைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள், என்னைப் பார்த்து இல்லை. வெள்ளிக்கிழமை சாமிக்குப் படைக்கிற வாழைப்பழத்தில் ஒன்று காப்பாஸுக்குப் போகிறதாம். செவ்வாய்க்கிழமையும். சாமி பிரசாதம் என்பதால் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் அவள் சேர்க்கவில்லை. அவளும் "சிக்கிட்" என்றாள். அப்புறம்தான் இருவருக்கும் பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்ட்டி ஞாபகம் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று ஆப்பிள் தோலும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நீட்டுவார், அதுவும் கொஞ்சம்தான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பக்சிக், மக்சிக், உங்க எல்லாரோட சிக்கிட்டையும் கூட்டினா இதுதான்," என்று காப்பாஸைக் காட்டினார். அதுவோ அவருடைய சட்டைப் பையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் ஒரு முயல் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டோம். இத்தனை நாள் வீட்டில் வைத்திருந்து, அன்றைக்குத்தான். நாள் முழுக்க அது மெல்ல வேண்டியது காய்ந்த புல், அதாவது வைக்கோல் மாதிரி. அதுதான் சோறு. கீரை கொஞ்சம் கறி மாதிரி. தீவனம் ஒரு கரண்டி, அதற்குமேல் இல்லை. பழம் எப்போதாவது கட்டைவிரல் நகம் அளவு. பிஸ்கட், சோறு, ரொட்டி வாசலைத் தாண்டி உள்ளேயே வரக்கூடாது. முயல் தன் புழுக்கையில் ஒரு வகையைத் தானே குனிந்து எடுத்துத் திரும்பவும் தின்னுமாம், அதில்தான் சத்து இருக்கிறதாம். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். காப்பாஸுக்கு வயிறு இடிப்பதால் குனிய முடியவில்லை. அதனால் அது அப்படியே பின்னால் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஈரத்தில் ஈ முட்டை வைத்தால் புழு வைக்கும், இந்த வெயிலில் ஒரே நாளில் உயிருக்கே ஆபத்து என்றார். அன்றிலிருந்து தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் அதன் பின்பக்கத்தைக் கழுவிவிடுவது என் வேலை. உனக்கு ஒரு நாளும் நான் கழுவிவிட்டதில்லை, எல்லாம் அம்மாதான். அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, "அப்பவே பழகியிருந்தா இப்ப இவ்ளோ தண்ணி கொட்டியிருக்க மாட்டீங்க," என்பாள்.

இதுவரை நடந்ததெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். இனி சொல்லப்போவது அப்படி இல்லை. டாக்டர் "மெதுவா, வாரம் வாரம் கொஞ்சமா" என்றுதான் சொன்னார். மெதுவாக என்கிற வார்த்தை என் காதில் விழவில்லை. தப்பு செய்தவனுக்குத் தண்டனையைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று ஒரு அவசரம் இருக்கும், அந்த அவசரம் எனக்கு. அது புரட்டாசி மாதம். சனிக்கிழமை பெருமாளுக்கு அம்மா விரதம் இருப்பாள் என்று உனக்குத் தெரியும். விரதம் இருந்தால் வயிறு ஓய்வெடுக்கும், உடம்பு லேசாகும் என்று நம் ஆட்கள் எல்லோரும் சொல்வதுதான். அம்மா இருக்கிறாள், நானும் இருக்கிறேன், காப்பாஸும் ஒரு நாள் இருந்தால் என்ன? இப்படித்தான் என் மூளை வேலை செய்தது. காலையில் தீவனக் கிண்ணத்தை எடுத்துவிட்டேன். வைக்கோலையும் எடுத்துவிட்டேன், அதுவும் சாப்பாடுதானே என்று. தண்ணீர் மட்டும் வைத்தேன். மத்தியானம் எனக்குத் தலை சுற்றுகிற மாதிரி இருந்தது. இனிப்பு நீர் வியாதி உள்ளவன் பட்டினி கிடக்கக்கூடாது என்று ஒரு நல்ல சாக்கு கையில் இருந்தது. காடியை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் இரண்டு தோசை சாப்பிட்டு வந்தேன். பலகாரம் சுடும்போது உப்பு பார்க்கிறேன் என்று அம்மாவும் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு நம் வீட்டில் முழுசாக விரதம் இருந்தது அந்த முயல் ஒன்றுதான்.

சாயங்காலம் அம்மா படைத்து முடித்த பிறகு கிண்ணத்தைத் திரும்ப வைத்தோம். அது வரவில்லை. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கிட்டே போனால் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. கோபம் போல, காலையில் சரியாகிவிடும் என்றேன். காலையில் எழுந்து பார்த்தால் அது புழுக்கை போடுகிற தட்டில் ஒன்றுகூட இல்லை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "நேத்து நல்ல பிள்ளையா இருந்திருக்கு, அசிங்கமே பண்ணல," என்று அம்மாவிடம் சொன்னேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தச் சுத்தத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் தம்பி. அது சாப்பிட மறுத்தது ஏன் என்று அம்மாதான் முதலில் பயந்தாள். கிளினிக் ஞாயிற்றுக்கிழமை அரை நாள் உண்டு. தூக்கிக்கொண்டு ஓடினோம். விரதம் என்றதும் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை அதன் வயிற்றில் வைத்துக் கேட்டார்.

"பக்சிக், மொயலுக்குப் பட்டினியே கூடாது. அதோட கொடல் ஓடிக்கிட்டே இருக்கணும். வைக்கல் உள்ள போகலன்னா கொடல் நின்னுடும். குண்டா இருக்கிற மொயல் ஒரு நாள் சாப்பிடலன்னாலே ஈரல் கெட ஆரம்பிக்கும். மெலியணும்னா சாப்பிட்டுத்தான் மெலியணும்."

"விரதம்னு சொன்னது நாந்தான் டாக்டர்," என்றாள் அம்மா. அவள் சொல்லவே இல்லை. "இல்ல டாக்டர், நான்," என்றேன். யாராக இருந்தால் என்ன என்கிற மாதிரி அவர் ஊசியை எடுத்தார். தோலுக்கு அடியில் தண்ணீர் மருந்து ஏற்றினார். வலிக்கு ஒன்று, குடல் ஓட ஒன்று. புல்லை அரைத்த மாதிரி ஒரு தூள் கொடுத்து, தண்ணீரில் குழைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரமாக ஊட்டச் சொன்னார். பிழைத்துவிடுமா என்று அம்மா கேட்டதற்கு, "புழுக்கை போட்டா நல்ல செய்தி. அது வரைக்கும் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார்.

அந்த ஞாயிறு நீ கூப்பிட்டாய். அம்மா சமையலறையில் வேலையாக இருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நீ பள்ளிக்கூட நீச்சலுக்கு எடுத்துப்போன பழைய துண்டில் காப்பாஸைச் சுற்றி மடியில் வைத்திருந்தாள். நான் சிரிஞ்சை வாயோரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினேன். பாதி உள்ளே போனது, பாதி என் சட்டையில். கேட்டதையெல்லாம் கொடுத்த கை, இப்போது வேண்டாம் என்கிற வாயில் திணித்துக்கொண்டிருந்தது. அம்மா எழுந்துபோய்ச் சாமி மேடையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து வந்தாள். உரித்து, நகம் அளவு கிள்ளி, அதன் மூக்குக்கு நேரே பிடித்தாள். வாழைப்பழம் உரிக்கும் சத்தம் கேட்டாலே வீட்டின் எந்த மூலையிலிருந்தும் ஓடி வருகிற ஜீவன் அது. மூக்கு ஒரு தடவை அசைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. "வாழப்பழத்தக்கூட வேணாங்குதுங்க," என்றாள் அம்மா. அவள் அழுததை நான் அதிகம் பார்த்ததில்லை. நீ விமான நிலையத்தில் உள்ளே போனபோதுகூட கார் பார்க் வரைக்கும் தாங்கினாள்.

மறுநாள் மத்தியானம் நான் வாசலில் இருந்தேன். "என்னாங்க, வந்து பாருங்க, வந்து பாருங்க," என்று அம்மா கூப்பிட்டாள். ஓடினேன். தட்டில் மிளகு அளவு ஒன்று. கறுப்பாக, கோணலாக, ஒன்றே ஒன்று. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்னமோ ஏதோ என்று கேட்டருகே வந்து எட்டிப் பார்த்தார். "தாஹி போட்டுருச்சு ஆன்ட்டி, புழுக்க," என்றாள் அம்மா. "அலமாக், இதுக்கா ரெண்டு பேரும் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு ஆன்ட்டியும் உள்ளே வந்து குனிந்து பார்த்தார். சாயங்காலத்துக்குள் ஒரு கை நிறைய ஆனது.

அது பிழைத்துக்கொண்டது. பிழைத்த பிறகுதான் எனக்கு இன்னொரு வியாதி வந்தது. டாக்டர் சொன்ன மாதிரியே எல்லாம் செய்தோம். வைக்கோல் எப்போதும் இருக்கும். தீவனம் ஒரு கரண்டி. ஓரம் நறுக்கிய அட்டைக் குழாய்க்குள் கீரையைத் திணித்து ஹாலில் உருட்டிவிட்டால் அது தேடித் தேடி நடக்கும். ரோட்டோரப் புல்லுக்கு மருந்து அடிப்பார்கள் என்று காலி பெயின்ட் டின்களில் அறுகம்புல் வளர்த்தேன். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு மாலை கட்டியது போக மிச்சம் காப்பாஸுக்கு. "சாமியும் தெனம் அறுகம்புல்லுதான், தொப்ப கொறையலையே," என்றாள் அம்மா. "சாமிக்குக் கொழுக்கட்டை யாரு குடுக்கறது?" என்றேன். எடை பார்க்க வழி கண்டுபிடித்தேன். குளியலறைத் தராசில் முதலில் நான் ஏறுவது, அப்புறம் காப்பாஸைத் தூக்கிக்கொண்டு ஏறுவது, ஒன்றில் ஒன்றைக் கழிப்பது. இதில் ஒரு தொல்லை, முதல் எண்ணை அம்மா சத்தமாகப் படிப்பாள். முதல் சில வாரம் முயல் குறைந்தது, நான் ஏறினேன். கழித்தல் கணக்கு சரியாகத்தான் வந்தது.

பார்த்தால் கொடுத்துவிடுவோம் என்று தெரிந்ததால், நாங்கள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தோம். மேசை ஹாலில் கிடக்கிறது, நாங்கள் இருவரும் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு சாப்பிடுகிறோம். சாப்பிடுகிற வாசனைக்கு அது வந்துவிடும். கதவைப் பிறாண்டும். பிறாண்டினால்கூடப் பரவாயில்லை, நிறுத்திவிடும். அப்போது அது வெளியே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். "பிள்ளைய வெளிய நிறுத்திட்டுத் திங்கற மாரி இருக்குங்க," என்பாள் அம்மா. அது சும்மா உட்கார்ந்திருந்தால், அந்தச் சனிக்கிழமை மாதிரி முதுகைக் கூனி உட்கார்ந்திருக்கிறதோ என்று கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பேன். பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்தவனுக்கு, அதற்குப் பிறகு ஒவ்வொரு 'இல்லை'யும் பட்டினி மாதிரியே தெரிகிறது. ஒரு நாள் கதவின் அடியில் ரொட்டித் துணுக்கு கிடந்தது. அம்மா வேலை என்று நினைத்துப் பேசாமல் பெருக்கிவிட்டேன். இன்னொரு நாள் அம்மா பிஸ்கட் துணுக்கைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், அவளும் ஒன்றும் பேசவில்லை. ரொட்டி அவள், பிஸ்கட் நான். இருவருக்கும் தெரியும். கதவைச் சாத்தினோமே தவிர அடியில் இருந்த இடுக்கை அடைக்கவில்லை.

போன சனிக்கிழமை டாக்டரிடம் போனபோது, குறைந்தது எல்லாம் திரும்ப ஏறியிருந்தது. அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். பின்னங்காலைத் தூக்கிக் காட்டினார். பாரம் தாங்காமல் பாதத்தில் முடி கொட்டித் தோல் சிவந்திருந்தது. "இன்னொரு தடவ கொடல் நின்னா, இந்த எடையோட..." என்று ஆரம்பித்து, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் நீ கூப்பிட்டது, கேட்டது, என் வாயில் வடை இருந்தது.

நீ வைத்த பிறகு அம்மா வடைத் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள், "அவன் சொல்றது சரிதாங்க. குடுத்துடலாம்."

"நீ இருந்துக்குவியா?"

"நான் இருப்பேனான்னு கேக்காதீங்க. அது இருக்கணும்ல."

நீ சொன்ன இரண்டாவதுக்குப் பதில் இதுதான். சனிக்கிழமை உன் கூட்டாளியை வரச் சொல். வைக்கோல் பை, அட்டைக் குழாய், சிரிஞ்ச், துண்டு எல்லாம் கட்டி வைத்துவிட்டோம். பெயின்ட் டின்களையும் கொண்டுபோகட்டும். பிள்ளையாருக்கு ஒரு டின் போதும். பின்பக்கம் தினமும் கழுவ வேண்டும், துடைத்தால் போதாது. மத்தியான வெயிலுக்கு ஒரு பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். புழுக்கை தட்டில் இல்லை என்றால் சந்தோஷப்படக்கூடாது. இது எல்லாம் அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது ஒன்றுதான், அதை நீ சொல்லிவிடு. அவன் சாப்பிடும்போது அது வந்து உட்கார்ந்து பார்க்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல். அவனால் அது முடியும் என்றால் காப்பாஸ் பிழைத்துக்கொள்ளும். எங்களால் முடியாதது அது ஒன்றுதான்.

உனக்கும் இன்னும் சில மாதத்தில் ஒரு பிள்ளை வரப்போகிறது. மருமகளிடம் பேசும்போதெல்லாம் அம்மா என்ன சாப்பிட்டாய் என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்பதில்லை என்று உனக்கு எரிச்சல், தெரியும். உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று முயலைப் பார்த்தாலே தெரியும். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். பசிக்கிற பார்வை வேறு, சும்மா பார்க்கிற பார்வை வேறு. காப்பாஸுக்குப் பாதி நேரம் பசியே இல்லை என்று டாக்டர் சொன்னார், நாங்கள் உட்கார்ந்தால் அதுவும் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதானாம். நீயும் சின்ன வயசில் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது சோற்றுக்காகத்தானா என்று இப்போது யோசிக்கிறேன். எனக்கு அப்போது கையில் சோறுதான் இருந்தது, அதைக் கொடுத்தேன். உன் பிள்ளை வந்து நின்றால் முதலில் கையைக் கழுவிவிட்டுத் தூக்கிப் பார். அதற்கும் அழுதால் அப்புறம் கொடு.

இன்று மத்தியானம் அம்மா சமையலறைக் கதவைத் திறந்தே வைத்தாள். இன்னும் ரெண்டு நாள்தானே, மேசையிலேயே உட்காரலாம் என்றாள். காப்பாஸ் வந்து என் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. எழுந்து நிற்கப் பார்த்தது, முடியவில்லை, உட்கார்ந்துகொண்டது. நாங்கள் கொடுக்கவில்லை. அம்மா அறுகம்புல் ஒரு பிடி கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள். அது அதைத் தொடாமல் எங்களையே பார்த்தது. நாங்கள் அப்போதும் கொடுக்கவில்லை. அம்மா பாதியில் எழுந்து கை கழுவிவிட்டாள். நான் சாப்பிட்டேன். கடைசியில் பழக்கத்தில் ஒரு கவளம் உருட்டி வைத்தேன். அப்புறம் கை கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அது புல்லை மெல்ல ஆரம்பித்திருக்கிறது, சத்தம் கேட்கிறது. என் தட்டை இன்னும் எடுக்கவில்லை. அந்தக் கவளம் அதில்தான் இருக்கிறது.

அப்பா